உயர்கல்வி மோசடிகளும் நம் பொறுப்பும்

(பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்ப் பகுதிக் கட்சி உறுப்பினர்களுக்காக மூணாறில் நடைபெற்ற வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நேற்றுக் காலை சித்தூரிலிருந்து புறப்பட்டேன். கோபாலபுரம் சோதனைச் சாவடியில் கேரளத்தை விட்டு வெளியேறி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாற்றில் மீண்டும் கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் ஏறி இங்கு வந்து சேர்ந்தேன். பாலக்காட்டின் தமிழ்ப் பகுதியிலிருந்து இடுக்கியின் தமிழ்ப் பகுதிக்கு நேர்வழியில் வர வேண்டுமானால் தமிழ்நாட்டைக் கடந்துதான் வரவேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் இந்தச் சாவடிகளில் அனுமதிச் சீட்டில்லாமல் நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எல்லையில் வாழ்பவர்களுக்கு ஒரு தாளின் மதிப்பு என்னவென்று எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இன்று எனக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு ‘உயர்கல்வியின் நெருக்கடி’. அது பெரிய தலைப்பு. அதில் ஒரு பகுதியை மட்டும், அதாவது பொய்த் தாள்களைப் பற்றி மட்டும், பேச அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நம் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2023 ஜூன் மாதத் தொடக்கத்தில் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடி அரசுக் கல்லூரியில், மலையாளத் துறைக்குக் கௌரவ விரிவுரையாளரைத் தேர்ந்தெடுக்க நேர்காணல் நடைபெற்றது. வந்தவர்களில் ஒருவர் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் பணியாற்றியதாக அனுபவச் சான்றிதழ் ஒன்றை அளித்தார். அதிலிருந்த சின்னமும் முத்திரையும் தேர்வுக் குழுவினருக்கு ஐயத்தை எழுப்பின. அவர்கள் மகாராஜாஸ் கல்லூரியைத் தொடர்புகொண்டு கேட்டனர். அத்துறையில் கடந்த பத்தாண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர் எவரும் நியமிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. மகாராஜாஸ் கல்லூரி காவல்துறையில் புகார் அளித்தது. வழக்கு அகளி காவல் நிலையத்துக்கு மாற்றப்பட்டது. ஜூன் 21 அன்று கோழிக்கோடு மாவட்டத்தில் அவர் கைது செய்யப்பட்டார். அதற்கு முந்தைய கல்வியாண்டில் காசர்கோடு மாவட்டம் கரிந்தளம் அரசுக் கல்லூரியிலும் இதே சான்றிதழைக் காட்டிப் பணியாற்றினார் என்று இன்னொரு வழக்கும் பதிவாயிற்று. அவர் இந்திய மாணவர் சங்கத்தின் முன்னாள் நிர்வாகி.

நீதிமன்றத்தை முந்திக்கொண்டு நாம் தீர்ப்பெழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த வாரம் எங்கள் கிளைக் கூட்டத்தில் நாங்கள் பேசியது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘இது ஊடகங்களின் திட்டமிட்ட தாக்குதல்’ என்றார் ஒரு தோழர். ‘அவர் இப்போது பொறுப்பில் இல்லை’ என்றார் இன்னொருவர். ‘இடதுசாரிகள் என்றால்தான் இவர்களுக்குப் பெரிய எழுத்துத் தலைப்பு’ என்று நானும் பேசினேன். அது உண்மைதான், மலையாளத் தொலைக்காட்சிகள் அந்த மாதம் முழுவதும் வேறொன்றையும் பேசவில்லை. ஆயினும் அன்று எங்களில் ஒருவர்கூட, அந்த நேர்காணலுக்கு வந்து காத்திருந்த மற்றவர்கள் யார் என்று கேட்கவில்லை. உண்மையான சான்றிதழோடு, அல்லது சான்றிதழே இல்லாமல், அட்டப்பாடி மலையேறி வந்து திரும்பிப் போனவர்கள் அவர்கள்.

அதே மாதத்தில் காயங்குளம் எம்.எஸ்.எம். கல்லூரியில் இன்னொன்று வெளிவந்தது. அங்கேயே இளங்கலை வணிகவியல் படித்துத் தேர்ச்சி பெறாத மாணவர் சங்க நிர்வாகி ஒருவர், ராய்ப்பூரிலுள்ள கலிங்கா பல்கலைக்கழகத்தின் பட்டச் சான்றிதழைக் காட்டி அதே கல்லூரியில் முதுகலையில் சேர்ந்திருந்தார். அந்தப் பெயரில் எவரும் தங்களிடம் படிக்கவில்லை என்று கலிங்கா பல்கலைக்கழகம் கூறிவிட்டது. நம் மாணவர் அமைப்பின் மாநிலத் தலைமை, ‘ஆவணங்களைப் பார்த்தோம், அசல்தான்’ என்று முதலில் அறிவித்தது. ஓரிரு நாளில் அவரை அமைப்பிலிருந்து நீக்க நேர்ந்தது. அறிக்கைகளைத் தமிழாக்குவது என் வேலை. முதல் விளக்கத்தை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் இரண்டாவது அறிக்கை வந்துவிட்டது. முப்பதாண்டுக் கால மொழிபெயர்ப்புப் பணியில் அவ்வளவு கூச்சத்தோடு நான் எதையும் தமிழாக்கியதில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் காட்டாக்கடை கிறிஸ்தவக் கல்லூரியில், மாணவர்கள் தேர்ந்தெடுத்த ஒரு மாணவியின் பெயரை நீக்கி, தேர்தலில் போட்டியிடவே செய்யாத நம் அமைப்பின் நிர்வாகி ஒருவர் பெயர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது. வாக்கைத் திருடுவதைக் கண்டித்து நாடெங்கும் பேசுகிற நாம் இதற்கு என்ன பெயர் வைப்பது?

இவற்றைத் தனிமனித ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கிவிட்டால் வேலை எளிது. ஆனால் பொய்ச் சான்றிதழுக்கு ஒரு விலை உண்டாவது எதனால் என்று பார்க்க வேண்டியது நம் கடமை. கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. அவற்றின் இடத்தில் ஆண்டுதோறும் புதிதாக நேர்காணலுக்கு வரிசையில் நிற்கும் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் மட்டும்தான் கௌரவம். 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு இவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அதில் பாதியான 25,000 ரூபாய்க்கு உழைத்துவந்தார்கள். பத்துப்பேர் ஒரு தற்காலிக இடத்துக்கு மோதும்போது அனுபவச் சான்றிதழுக்குரிய மதிப்பெண்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. அனுபவம் வேண்டுமானால் வேலை வேண்டும். வேலை வேண்டுமானால் அனுபவம் வேண்டும். இந்த இடுக்கில் நெறியோடு நிற்பவர் வெளியே தள்ளப்படுகிறார். அச்சகத்துக்குப் போகத் துணிந்தவர் உள்ளே வருகிறார்.

இனி, நம் மக்களின் சான்றிதழைப் பாருங்கள். பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 நாளிட்டது. அந்த நாளுக்கு முன்பே குடும்பம் கேரளப் பகுதியில் குடியிருந்தது என்று காட்டினால்தான் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு இங்கே பட்டியல் சாதிச் சான்றிதழ். தாத்தா கொழுந்து எடுத்தது உண்மை. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்ததும் உண்மை. ஆனால் அவருடைய பெயர் இருக்கும் செக்ரோல் கம்பெனியின் அலமாரியில் இருக்கிறது, அல்லது கரையான் தின்றுவிட்டது. வில்லேஜ் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்து நடந்து, கல்லூரிச் சேர்க்கைக்கான கடைசி நாள் கடந்த பிறகு சான்றிதழ் கைக்கு வந்த பிள்ளைகளை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இத்தொகுதியிலிருந்து 2021இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தோழர் ஆ. ராஜாவின் தேர்தலையே, அவர் பட்டியல் சாதியினர் அல்லர் என்று கூறி 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியது. உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது 2025 மே மாதத்தில். இரண்டாண்டுகளுக்கும் மேலாக ஒரு மக்கள் பிரதிநிதி தன் பிறப்பை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மெய்யான தாளுக்கு இத்தனை தலைமுறைக் கேள்வி கேட்கிற அதே நாட்டில்தான், பொய்யான தாள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்குத் தடையின்றிப் பயணம் செய்கிறது.

பணம் படைத்தவர்களின் மோசடி வேறு அளவினது. மத்தியப் பிரதேசத்தின் வியாபம் ஊழலை அறிவீர்கள். அங்கே ஆள்மாறாட்டமும் விடைத்தாள் ஏற்பாடும் ஒரு தொழிலாகவே நடந்தன. 2017 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 634 மருத்துவ மாணவர்களின் சேர்க்கையை ரத்து செய்தது. வடக்கே நடப்பது என்று நாம் நினைத்திருந்தோம். 2019 செப்டம்பரில் இந்த மலைக்கு அடிவாரத்திலேயே, தேனி அரசு மருத்துவக் கல்லூரியில், அரசு மருத்துவர் ஒருவரின் மகன் தனக்குப் பதிலாக வேறொருவரை மும்பையில் நீட் எழுதவைத்துச் சேர்ந்ததாக வழக்குப் பதிவாயிற்று. அதன்பின் தமிழ்நாட்டில் மேலும் சிலர் பிடிபட்டனர். ‘தகுதி’யைக் காக்க வந்தது என்று விளம்பரப்படுத்தப்பட்ட தேர்வு அது. போடிமெட்டிலும் குமுளியிலும் இருந்து தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் நோயாளிகளுக்கு, தகுதி என்ற சொல் எந்த வடிவில் வந்து சேரவிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

2024இல் மோடி அரசின் தேசியத் தேர்வு முகமை என்ன செய்தது என்பது நினைவிருக்கும். மே 5 அன்று நடந்த நீட் தேர்வில் 67 பேர் 720க்கு 720 பெற்றதாக முதலில் அறிவிப்பு. 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண், பிறகு அது ரத்து, மறுதேர்வு. ஹசாரிபாகிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்ததை உச்சநீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் தேர்வை ரத்து செய்ய மறுத்தது. ஜூன் 18 அன்று நாடெங்கும் 83 பாடங்களில் நடந்த நெட் தேர்வை மறுநாளே அரசு ரத்து செய்தது. தமிழில் விரிவுரையாளராக விரும்பி நம் பிள்ளைகள் எழுதிய தாளும் அதில் அடக்கம். எந்த ஆதாரத்தின் பேரில் ரத்து செய்தார்களோ அந்தக் கைப்பேசிப் படமே திருத்தப்பட்டது என்று பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை கண்டறிந்தது. தேர்வை ஒரே மையத்தில் குவித்து, நடத்தும் வேலையை ஒப்பந்தக்காரர்களிடம் ஒப்படைத்து, அதன்மேல் பயிற்சி நிலையங்களின் கோடிக்கணக்கான வணிகத்தையும் ஏற்றிவைத்தால் இதுதான் விளையும்.

வாளையாறைத் தாண்டினால் கோயம்புத்தூர். அங்கே பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. கணபதி, உதவிப் பேராசிரியர் பணிக்கு 30 லட்சம் ரூபாய் லஞ்சம் பெற்றதாக 2018 பிப்ரவரி 3 அன்று லஞ்ச ஒழிப்புத் துறையால் கைது செய்யப்பட்டார். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரங்களோ இன்னும் வேடிக்கையானவை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியாளர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தனர். இதில் 224 கல்லூரிகள் சம்பந்தப்பட்டிருந்தன. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் தோன்றி மறையும் ஆசிரியர்கள்! கல்விக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய மாணவனுக்கு எதிரே வகுப்பறையில் யார் நின்றார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

இனி நான் சற்று அறிந்த துறைக்கு வருகிறேன். அது ஆய்வேடு.

2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் பதவி உயர்வை மதிப்பெண் கணக்கோடு பிணைத்தது. எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு, எத்தனை நூல் என்று எண்ணிக்கைக்கு மதிப்பெண். உடனே பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்கள் காளான்களாக முளைத்தன. மானியக் குழு தானே ஏற்றுக்கொண்டிருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்க வேண்டி வந்தது. உலகெங்கும் இதே கதைதான். 2023 ஒரே ஆண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் உலக அளவில் திரும்பப் பெறப்பட்டன. எண்ணிக்கையை உற்பத்தி செய்யச் சொன்னால் எண்ணிக்கைதான் உற்பத்தியாகும். தேயிலைத் தொழிற்சாலையில் எடைக்காகத் தூசு கலப்பதைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எழுத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் மானியக் குழு விதிமுறைகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு பத்து விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் குற்றமில்லை. நாற்பது வரை என்றால் திருத்தி மீண்டும் தரவேண்டும். அறுபது வரை என்றால் ஓராண்டுத் தடை. அதற்கு மேல் என்றால் பதிவே ரத்து. ஒப்புமையைக் கணினி மென்பொருள் கணக்கிடும். நல்லது. ஆனால் ஒரு மொழியின் ஆய்வேட்டை இன்னொரு மொழியில் மாற்றி எழுதிவிட்டால் அந்த மென்பொருள் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். சொற்கள் ஒத்தால்தானே அது கூவும்?

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எல்லைக்கு அப்பாலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். மலையாளத்தில் எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டைத் தமிழாக்க வேண்டும், பக்கத்துக்கு இவ்வளவு என்றார். மகளின் விடுதிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. முன்பணம் வாங்கிக்கொண்டேன். பொருள், தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்களின் வாழ்நிலை. இரண்டு இயல்களை முடித்துக் கொடுத்தேன். நன்றாகவே செய்தேன் என்று அப்போது பெருமையாகவும் இருந்தது. மூன்றாவது இயலைத் தரும்போது அவர் ஒரு வேண்டுகோள் வைத்தார். மூணாறு என்று வரும் இடங்களிலெல்லாம் வால்பாறை என்று போட்டுவிடுங்கள், தேவிகுளம் என்பதை எடுத்துவிடுங்கள், விழுக்காடுகள் அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இங்கே லயத்து வாசலில் உட்கார்ந்து, நாள் முழுவதும் கொழுந்தெடுத்த களைப்போடு, தம் கருப்பைக் கோளாறையும் கடனையும் கணவன் குடியையும் யாரோ ஒரு மாணவியிடம் மனம்விட்டுச் சொன்ன பெண்களை, நான் ஒரு சொல்லால் எல்லை கடத்திக்கொண்டிருந்தேன். அவர்களிடம் கேள்வி கேட்ட மாணவியின் உழைப்பையும் கூடவே.

வேலையை நிறுத்தினேன், மூன்றாவது இயலுக்கான முன்பணத்தைத் திருப்பினேன். முதல் இரண்டு இயல்களுக்கான பணத்தைத் திருப்பவில்லை; அது செலவாகியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை. கட்சியிடமும் சொல்லவில்லை. கரிந்தளம், காயங்குளம் பற்றி நான் பேசுவதைக் கேட்கும்போது இதையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது இரட்டைக் குற்றம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல், ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயரையும் பாடவேறுபாடுகளையும் எழுதி வைத்தார். யாருடைய ஏடு என்று சொல்வது அவருக்கு நன்றியறிதல் மட்டுமாக இல்லை. சரிபார்க்க விரும்புகிறவனுக்குத் திறந்து வைத்த வழி அது.

கட்சிக்காரன் என்ற முறையில் இன்னொரு முன்னுதாரணம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் வகுப்புகளில் இது அரிதாகவே சொல்லப்படுகிறது. 1863 ஏப்ரல் 16 அன்று பிரிட்டிஷ் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் வரவு செலவுத் திட்ட உரையில், நாட்டின் செல்வப் பெருக்கம் முழுவதும் சொத்துடைய வர்க்கங்களோடு நின்றுவிட்டது என்ற பொருளில் பேசினார். மார்க்ஸ் அதை அகிலத்தின் தொடக்க உரையிலும் மூலதனத்திலும் மேற்கோள் காட்டினார். 1872இல் ஜெர்மன் ஆலை முதலாளிகளின் ஏடான கன்கார்டியாவில் பெயர் போடாத ஒரு கட்டுரை வந்தது. அந்த வாக்கியம் கிளாட்ஸ்டனின் உரையிலேயே இல்லை, மார்க்ஸ் இட்டுக்கட்டினார் என்பது குற்றச்சாட்டு. எழுதியவர் பேராசிரியர் லூயோ பிரெண்டானோ என்பது பின்னாளில் தெரிந்தது. நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சார்டைப் புரட்டினால் அந்த வாக்கியம் இல்லைதான்! ஆனால் மறுநாள் வெளிவந்த டைம்ஸ் நாளிதழில் அது இருந்தது. அச்சுக்குப் போகுமுன் அமைச்சர் தமக்குச் சங்கடமானதை வெட்டிவிட்டார் என்று மார்க்ஸ் நாளிதழைக் காட்டி விடையளித்தார்.

விஷயம் அதோடு முடியவில்லை. மார்க்ஸ் இறந்த 1883ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த செட்லி டெய்லர் அதே குற்றச்சாட்டைப் புதுப்பித்தார். அதற்கு மகள் எலியனோர் பதிலெழுதினார். மூலதனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புக்காக எலியனோர் உட்கார்ந்து, தந்தையின் மேற்கோள்களை மூல நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1890இல் நான்காம் ஜெர்மன் பதிப்பின் முன்னுரையில் எங்கெல்ஸ் இந்த வழக்கு முழுவதையும் விவரித்தார். அடுத்த ஆண்டு அதற்கெனத் தனி நூலே வெளியிட்டார். ஒரே ஒரு வாக்கியத்துக்காக! எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர்கள் மே நாளில் திரண்ட அந்த ஆண்டில், எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த எங்கெல்ஸ் ஒரு மேற்கோளின் நேர்மையை நிறுவப் பக்கங்களைச் செலவிட்டார். ஆலைமுதலாளிகளுக்கு எதிராக மார்க்ஸ் பயன்படுத்தியவை அரசின் நீலப் புத்தகங்களும் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளும்தான். அந்தச் சான்றுகளில் ஒன்று பொய் என்று ஆகிவிட்டால் தொழிலாளி வைத்திருந்த ஒரே ஆயுதம் முனைமழுங்கிவிடும் என்பதை எங்கெல்ஸ் அறிந்திருந்தார்.

அந்த மரபில் வந்தவர்கள் ‘நம் பையன்’ என்பதற்காக ஒரு போலித் தாளுக்கு மறைப்புக் கட்டுவது எப்படிப் பொருந்தும்? அட்டப்பாடித் தேர்வுக் குழுவினர் சிறப்பாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு முத்திரையை உற்றுப் பார்த்தார்கள், தொலைபேசியில் கேட்டார்கள். அந்தத் தொலைபேசி அழைப்பைக் கரிந்தளத்தில் எவரும் செய்யவில்லை. காயங்குளத்தில் முதல் நாளில் நாமும் செய்யவில்லை.

சில நடைமுறை விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் தாலுகாக்களில் சாதி, இருப்பிடச் சான்றிதழுக்காக அலையும் பிள்ளைகளின் பட்டியலை ஒவ்வொரு லோக்கல் கமிட்டியும் சேர்க்கை அறிவிப்பு வருமுன்பே தயாரித்து, செக்ரோல் நகல்களைத் தோட்ட அலுவலகங்களிலிருந்து பெற்றுத்தரத் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து முயல வேண்டும். கல்லூரியில் இடத்துக்கோ வேலைக்கோ நம் கமிட்டிகளின் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருபவரிடம், கடிதம் தருவதற்கு முன் அசல் ஆவணங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தோழரின் மகனாக இருந்தாலும் கேட்க வேண்டும். நிரந்தர விரிவுரையாளர் நியமனத்துக்கான போராட்டத்தை மாணவர் அமைப்பிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஆய்வு மாணவர்கள் லயங்களுக்கு வரும்போது நம் பெண் தோழர்கள் அவர்களுக்கு உதவட்டும். ஆனால் எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் தலைப்பு, முடிந்ததும் ஒரு படி இங்கே வருமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

நான் மொழிபெயர்த்த அந்த இரண்டு இயல்களின் கைப்படி இன்னும் என்னிடம் இருக்கிறது. பையில் கொண்டுவந்திருக்கிறேன். ஏரியா கமிட்டிச் செயலாளரிடம் இன்று ஒப்படைக்கிறேன். மேற்கொண்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவது பற்றிக் கமிட்டி முடிவெடுக்கட்டும். கடிதத்தில் என் பெயரும் இருக்க வேண்டும்.